பாறை காத்த செடி

நம் ஊர்ப்புறங்களில் வேலியோரத்தில் ஆடாதோடை செழித்து நிற்பதைக் காணலாம். ஆடு தொடாத செடியாதலின் அதற்கு அப்பெயர் வந்தது என்பர். வறண்ட நிலத்துச் செடிகளுள் பல, இவ்வாறு தம்மைக் காத்துக்கொள்ள ஏதேனும் ஒரு வழியைப் பெற்றுள்ளன. எருக்குக்குப் பால் உண்டு. காரைக்கும் சூரைக்கும் முள் உண்டு. ஆடாதோடைக்குக் கசப்பு உண்டு. மேயும் விலங்குகளோடு பன்னெடுங்காலம் ஒரே நிலத்தில் வாழ்ந்து அவை பெற்ற காவல் இது. இக்காவலுள் ஒன்றும் இல்லாத பூஞ்செடி ஒன்றைப் பற்றி நான் அறிந்த நாள்முதல், மேய்ச்சலுக்குச் செல்லும் ஆட்டு மந்தையைக் காணும்போதெல்லாம் அச்செடியின் நினைவு எனக்கு எழுகின்றது.

அது பிறந்த இடம் செயின்ட் ஹெலினா. ஆப்பிரிக்காவிற்கு மேற்கே, ஏறத்தாழ 1900 கிலோமீட்டருக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே தனித்துக் கிடக்கும் சிறு தீவு அது. நெப்போலியன் 1815 முதல், 1821 இல் இறக்கும்வரை, சிறையிருந்த தீவு என்று வரலாற்றில் படித்திருப்பீர்கள். வெப்பமண்டலத்துத் தீவாயினும் அது எங்கும் ஒரே தன்மையதன்று. நடுவிலுள்ள மலைமுகடுகளில் மேகம் தவழும். மரங்களில் பாசி படர்ந்திருக்கும். கடலை நோக்கிய சரிவுகளிலோ மழை அரிது. அவ்வறண்ட சரிவுகளே அச்செடியின் தாயகம்.

தீவினர் அதனைக் கருங்காலி என்று பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். நம் காட்டுக் கருங்காலிக்கும் அதற்கும் உறவு இல்லை. வைரம் பாய்ந்த கட்டை கருமையாக இருப்பதால் வந்த பெயரே அது. உண்மையில் அது பருத்திக்கும் பூவரசுக்கும் செம்பருத்திக்கும் இனமான குறுஞ்செடி. அதன் பூவை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். கரும்பச்சை இலைகளுக்கிடையே, ஐந்து இதழ் விரித்து, தூய வெள்ளையாக மலர்கின்றது. நாள் செல்லச் செல்ல அவ்வெண்மையில் இளஞ்சிவப்பு ஏறுகின்றது. வறண்ட பாறை நிலத்தில் இத்தனை பெரிய பூவா என்று வியப்புண்டாகும்.

1502 இல் போர்ச்சுகீசிய மாலுமிகள் அத்தீவைக் கண்டனர். அதற்குமுன் அங்கு மனிதரும் இல்லை. மேயும் விலங்குகளும் இல்லை. அஞ்சுவதற்கு ஒன்றும் இல்லாத நிலத்தில் செடிக்கு முள் எதற்கு? கசப்பு எதற்கு? வழிச்செல்லும் கப்பல்களுக்கு இறைச்சி வேண்டும் என்று கருதிய மாலுமிகள் சில ஆண்டுகளுக்குள் அங்கு ஆடுகளைக் கொண்டுவந்து விட்டனர். 1588 இல் அத்தீவில் இறங்கிய ஆங்கில மாலுமி காவெண்டிசு, ஒரு மைல் நீளத்திற்கு ஆட்டு மந்தைகளைக் கண்டதாகக் குறிப்பு உள்ளது. ஆடு முதிர்ந்த மரத்தின் பட்டையை உரிக்கும். முளைத்த கன்றைக் கிள்ளும். கிழமரம் பட்டபின் அவ்விடத்தில் நிற்கக் கன்று இராது.

1659 இல் தீவு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. சென்னையில் கோட்டை எழுப்பிய அதே கும்பினிதான். இங்கிருந்து சரக்கேற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பிய கப்பல்கள் இடைவழியில் அங்குத் தங்கின. கருங்காலிக் கட்டைகள் சுண்ணாம்புக் காளவாய்களில் எரிந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில், ஆடுகள் கருங்காலியை அழிக்கின்றன, அவற்றைக் கொல்ல வேண்டும் என்று தீவின் அதிகாரிகள் இலண்டனுக்கு எழுதினர். கருங்காலியைவிட ஆடே மதிப்புடையது, ஆகவே ஆடுகளைக் கொல்ல வேண்டா என்று மறுமொழி வந்தது. வணிகர் கணக்கில் அது பிழையும் அன்று. ஆட்டுக்கு விலை இருந்தது, பூவுக்கு இல்லை.

பின்னர்ச் செடி கண்ணில் படவில்லை. அழிந்தொழிந்தது என்று நூல்கள் எழுதின. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது.

1980 இல், அத்தீவில் பிறந்து அதன் செடிகொடிகளை நன்கறிந்த சார்ச்சு பெஞ்சமின் என்பவரும், குவென்டின் குரோங்க் என்னும் இளம் தாவர அறிஞரும் கடலோரக் குன்றுகளில் தேடிச் சென்றனர். ஆடும் ஏற முடியாத செங்குத்துப் பாறையொன்றில் இரண்டு செடிகள் ஒட்டிக்கொண்டிருக்கக் கண்டனர். இரண்டே இரண்டு! பெஞ்சமினின் உடன்பிறந்தார் கயிற்றைப் பற்றி அப்பாறையில் இறங்கிச் சிறு கிளைகளை வெட்டி வந்தார். அக்கிளைகள் வேர் பிடித்தன. இன்று தோட்டங்களிலும் சரிவுகளிலும் ஆயிரக்கணக்கான செடிகள் நிற்கின்றன. ஆயினும் அத்தனையும் அவ்விரண்டின் வழி வந்தவையே. ஒன்றை வீழ்த்தும் நோய் மற்றவற்றையும் எளிதில் வீழ்த்தக்கூடும்; வேற்றுமை மிக்க பெருங்கூட்டத்திற்கு உள்ள வலிமை இவற்றிற்கு இல்லை.

கிளையை வெட்டி நட்டால் எல்லாம் பிழைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டா. அத்தீவின் மலைமுகட்டில் ஆலிவ் எனப் பெயர் பெற்ற மரம் ஒன்று இருந்தது. நம் இலந்தையின் குடும்பத்தது. அதுவும் அழிந்ததாகக் கருதப்பட்டபோது, 1977 இல் அதே பெஞ்சமின் ஒற்றை மரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் கிளைகள் எளிதில் வேர்விடவில்லை. தன் மகரந்தத்தால் அது விதை கொள்வதும் அரிதாயிற்று. 1994 இல் அம்மரம் பட்டது. தோட்டத்தில் வளர்த்த கன்றுகளைப் பூஞ்சை நோய் பற்றியது. 2003 இல் கடைசிக் கன்றும் மடிந்தது. கருங்காலியைக் காத்த அதே கைகள்தாம் இதற்கும் உழைத்தன.

இன்றும் அத்தீவின் மண் அரித்த சரிவுகளில் பழங்கருங்காலியின் கட்டைத் துண்டுகள் கிடைக்கின்றன. கரியினும் கருத்த அத்துண்டுகளை எடுத்துத் தீவினர் அணிகலன்களில் பதிக்கின்றனர். அச்சரிவுகளில்தான் இப்போது புதிய கன்றுகளை நட்டுவருகின்றனர்.