கையை விரிக்கும் வேலை

வியாழன்

சிங்கப்பூர் கேசினோவில் இரவு எட்டு மணி ஷிஃப்டுக்கு ஜோகூர் பாருவிலிருந்து ஐந்தரைக்கே கிளம்பிவிட வேண்டும். பாலத்தில் எதிர்ப்பக்கம் முழுக்க வீடு திரும்பும் மோட்டார் சைக்கிள்கள். விடியற்காலையில் நான் திரும்பும்போது அதே மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூருக்குள் போய்க்கொண்டிருக்கும். கூட்டத்தில் சிக்காமல் போய் வருவது ஒன்றுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சலுகை.

சீருடையில் பாக்கெட்டைத் தைத்து மூடியிருப்பார்கள். மேசையை விட்டு நகரும் முன் இரண்டு கையையும் தட்டி, விரித்து, புரட்டிக் காட்ட வேண்டும். கூரையிலுள்ள கேமராவுக்கு. மூக்கைச் சொறிவதற்கு முன்னும் அப்படித்தான். பசார் மாலாமில் மீன்காரருக்குக் காசு கொடுத்துவிட்டும் கை தானாகப் புரண்டது. அவர் மீதி கேட்கிறேன் என்று நினைத்துப் பையை மறுபடி திறந்தார்.

சனி, விடியற்காலை

இன்று இரவு முழுக்க பாக்கராட். இந்த ஆட்டத்தில் தீர்மானிக்க எதுவும் இல்லை என்பதை ஆட்டக்காரர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. 8 கட்டு, 416 சீட்டு. கலக்கி, ஒருவர் வெட்டிக் கொடுத்து, ‘ஷூ’ என்று நாங்கள் சொல்லும் பெட்டிக்குள் போனதுமே வரிசை முடிவாகிவிட்டது. பேங்கர் பக்கமா, பிளேயர் பக்கமா, எவ்வளவு கட்டுவது, இவ்வளவுதான் அவர்கள் கையில். மீதியெல்லாம் விதி. இரு பக்கத்தில் எதற்காவது முதல் இரண்டு சீட்டிலேயே 8 அல்லது 9 வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால், பிளேயர் பக்கம் கூட்டினால் 5 அல்லது அதற்குக் கீழே வரும்போது மூன்றாவது சீட்டு உண்டு. 6, 7 என்றால் கிடையாது. பேங்கர் விதி இன்னும் கோணல். 3 இருந்தால் இழுக்க வேண்டும், ஆனால் பிளேயருக்கு வந்த மூன்றாவது சீட்டு 8 என்றால் கூடாது. பயிற்சியின்போது இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் அளவுக்கு ஏற்றிவிடுவார்கள்.

அப்படியும் பாருங்கள், அந்தச் சீட்டைத் திறப்பதில்தான் எத்தனை கூத்து! அதிகம் கட்டியவரிடம் சீட்டைத் தள்ளுவோம். அவர் அதை மேசையோடு அழுத்தி ஓரத்தை மயிரிழை மயிரிழையாகத் தூக்குவார். நீளவாக்கு ஓரத்தில் இரண்டு புள்ளி தெரிந்தால் 4 அல்லது 5. மூன்று என்றால் 6, 7, 8-இல் ஒன்று. நான்கு என்றால் 9 அல்லது 10. மூன்று தெரியும்போதுதான் மேசை சூடேறும். நடுவில் வேண்டாத புள்ளி இருந்துவிடக் கூடாது என்று ஊதுவார்கள். பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து ஊதுவார். அச்சடித்த மையை! கசங்கிய அந்தச் சீட்டுகள் மறுபடி ஆட்டத்துக்கு வராது.

இரண்டு மணிக்கு மேல் ஒரு தமிழ் அங்கிள் வந்து உட்கார்ந்தார். என் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, “நம்ம பிள்ளையாம்மா? கொஞ்சம் பாத்துப் போடும்மா” என்றார். மேசையில் ஆங்கிலமும் சீனமும் தவிர வேறு பேசக் கூடாது என்பது எங்கள் இடத்து விதி. சிரித்துவைத்தேன். பேங்கர் தொடர்ந்து மூன்று முறை வந்ததும் ராசியான பொண்ணு என்று பக்கத்துச் சீனரிடம் ஆங்கிலத்தில் புகழ்ந்தார். அடுத்த நாலைந்து ஆட்டம் கவிழ்ந்தது. “சகுனி” என்று முணுமுணுத்தபடி எழுந்துபோனார். சகுனிக்காவது பகடை சொன்னபடி கேட்டது.

இடைவேளையில் சூப்பர்வைசர் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று கேட்டார். பழைய காலத்து டீலர் என்றேன்.

ஞாயிறு

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே வர 150 வெள்ளி கட்ட வேண்டும். 2010-இல் சிங்கப்பூரின் இரண்டு கேசினோக்களும் திறந்தபோது 100 ஆக இருந்தது, 2019-இல் ஏற்றினார்கள். கட்டினால் 24 மணி நேரம். வெளிநாட்டவர் கடப்பிதழைக் காட்டிவிட்டு வரலாம். உள்ளே ஏடிஎம் வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இன்று பேருந்தில் ஒரு கணக்குப் போட்டேன். பேங்கர் பக்கம் கட்டும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் கேசினோவுக்குச் சராசரியாக 1.06 வெள்ளி மிஞ்சும். ஆட்டத்துக்கு 50 வெள்ளி, மணிக்கு 60 ஆட்டம் என்று வைத்தால் மணிக்கு 32 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக நட்டம். ஆக வாசலில் கட்டிய 150 என்பது கிட்டத்தட்ட ஐந்து மணி நேர ஆட்டத்தின் நட்டம். ஒரு சீட்டு திறக்கும் முன்பே போய்விடுகிறது. வேலியாக இருக்கட்டும் என்றுதான் அரசு அதை வைத்தது. அந்தப் பணம் நற்பணிகளுக்குத்தான் போகிறது. ஆனால் கட்டியவர் அதை வேலியாகப் பார்ப்பதில்லை. எடுத்தே தீர வேண்டிய கடனாகப் பார்க்கிறார். 24 மணி நேரத்தையும் கடைசி நிமிடம் வரை பிழிந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். கட்டணத்தை இன்னும் ஏற்றினால் கூட்டம் குறையலாம், உள்ளே வந்தவர் சீக்கிரம் கிளம்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எப்போதும் ஆரஞ்சு நிறச் சால்வை போட்டுக்கொண்டு வரும் ஆன்ட்டியைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை. பிள்ளைகள் தடை போட்டிருப்பார்கள் என்று உடன் வேலை செய்பவள் சொன்னாள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், யார் வேண்டுமானாலும் தேசிய சூதாட்டப் பிரச்சினை மன்றத்தில் விண்ணப்பிக்கலாம். தாமாகவே போய்த் தடை கேட்பவர்களும் உண்டு. தடை விழுந்தால் அடையாள அட்டையைக் காட்டும் இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உடம்புக்குத்தான் ஏதாவதோ, தெரியாது. எங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள், நாங்கள் கேட்கவும் கூடாது.

செவ்வாய்

சீனப் புத்தாண்டு. எங்கும் சிவப்புச் சட்டை. 25 வெள்ளி மேசைகளில் எல்லாம் குறைந்தபட்சம் 50. நின்று வேடிக்கை பார்த்த ஒரு இளைஞன் முன்னால் இருந்தவரின் தோளைத் தொட்டுவிட்டான். அதிர்ஷ்டத்தைத் தட்டிவிட்டாய் என்று சண்டை. நல்ல நேரம் பார்ப்பதில் கேசினோக்காரர்களும் குறைந்தவர்கள் இல்லை. செந்தோசாவில் கேசினோவைத் திறந்ததே 2010 சீனப் புத்தாண்டு முதல் நாள், பகல் 12:18-க்கு. எங்களுக்கு அங்பாவும் கிடையாது, டிப்ஸும் கிடையாது. வாங்கக் கூடாது.

கழுத்து வலி. தலைமுடியில் சிகரெட் வாடை.

வெள்ளி

ரூலெட் கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னொரு ஆட்டம் தெரிந்தால் சம்பளம் கொஞ்சம் ஏறும். ஒற்றை எண்ணில் கட்டியவருக்கு ஒன்றுக்கு 35, இரண்டு எண் நடுவே வைத்தவருக்கு 17. சிப்ஸைக் கண்ணால் பார்த்ததும் தொகை வாயில் வர வேண்டும், காகிதம் கிடையாது.

நான்காம் ஆண்டு படிக்கும் அக்காள் மகன்தான் எனக்கு வாத்தியார். தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு கேட்கும் அதே அதட்டலோடு கேட்கிறான்.

“பதினேழு எட்டு?”

“136.”

“முப்பத்தஞ்சு பதினொண்ணு?”

“385.”

“முப்பத்தஞ்சு நாலு, பதினேழு ஆறு, ரெண்டையும் கூட்டு, சின்னம்மா.”

“242” என்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. இதெல்லாம் எதுக்கு என்று கேட்டான். அக்கா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருப்பது நான் ஹோட்டலில் வேலை செய்கிறேன் என்று. அதே கட்டடத்தில் ஹோட்டலும் இருப்பதால் முழுப் பொய்யும் இல்லை. “ரூம் பில்லுடா” என்றேன்.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்குகிறது. நான்கு எண் மூலைக்கு 8, மூன்று எண் வரிசைக்கு 11. அந்த வாய்ப்பாடுகள் பள்ளியிலேயே படித்தவைதான். 17-உம் 35-உம் இருபதைத் தாண்டினால்தான் இன்னும் உதைக்கிறது.