குன்னூர்ச் சரிவின் பூர்வீகம்

1835இல் நீலகிரியில் கொஞ்ச காலம் தங்கிய ரிச்சர்ட் பேரன் என்ற ராணுவ அதிகாரி, தான் பார்த்த காட்சிகளை வரைந்துவைத்தார். அவை 1837இல் லண்டனில் படத்தொகுப்பாக வெளிவந்தன. இன்றைய குன்னூர்க்காரர் யாராவது அந்தப் படங்களைப் பார்த்தால் இது நம்ம மலைதானா என்றுதான் கேட்பார். மொட்டை மொட்டையாக உருண்ட மேடுகள், மேடுகளின் மடிப்புகளில் மட்டும் சோலை எனப்படும் கருத்த மரத்திட்டுகள். நெட்டையான கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) ஒன்றுகூட இல்லை. தேயிலை மருந்துக்கும் கிடையாது.

நான் இருக்கும் குன்னூர்ச் சரிவில் கண்ணில் படும் ஒவ்வொன்றும் எந்த ஊர், எப்போது வந்தது என்று துருவத் தொடங்கியது இந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான். பார்ப்பதற்கு இங்கே பெரிதாக எதுவும் இல்லை. கீழே ரயில் பாதை, அதற்கு மேல் லைன் வீடுகள், தேயிலை, தேயிலைக்கு நடுவே வரிசையாக சில்வர் ஓக், உச்சியில் கற்பூரமும் சீகையும் (வாட்டில்), ஓரமெல்லாம் உண்ணிச்செடி. பெரும்பாலான நாட்களில் நாலைந்து காட்டெருமைகளும் நிற்கும்.

மரங்களின் கதை எளிதில் கிடைத்துவிட்டது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார். அவர் பின்னாலேயே பங்களாக்களும் படையும் வந்தன. குளிருக்கு விறகு வேண்டும். கையெட்டும் தூரத்தில் இருந்த சோலைகள் அடுப்புக்குப் போயின. மெதுவாக வளரும் சோலை மரம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்குமா? சீக்கிரம் வளர்கிற மரம் தேடி ஆஸ்திரேலியா பக்கம் பார்த்தார்கள். 1830களில் சீகை வந்தது. 1843இல் கேப்டன் காட்டன் கற்பூர மரத்தைக் கொண்டுவந்தார். நீலகிரி என்றதும் வெளியூர்க்காரர் வாங்கிப்போகும் தைலம் அந்த மரத்தின் இலையிலிருந்து வடிப்பதுதான்.

ஆனால் எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டைக்கும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழுக்கும் என்று நம் வனத்துறையே மலைமலையாகச் சீகையும் கற்பூரமும் நட்டது. புல்வெளி என்றால் வெறும் தரிசு என்ற எண்ணம் ஆட்சி மாறியும் மாறவில்லை. சீகையை வெட்டினாலும் லேசில் போகாது. வேரிலிருந்து துளிர்க்கும், விதை மண்ணுக்குள் பல வருடம் உறங்கிக் கிடந்து, தீப்பட்டால் எழுந்துவிடும்.

தேயிலையின் தொடக்கம் குன்னூருக்குப் பக்கத்திலேயே, கேத்திப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கிருந்த அரசு சோதனைப் பண்ணைக்கு 1835 வாக்கில் சீனத் தேயிலைக் கன்றுகள் வந்தன. வந்த கையோடு பண்ணையை மூடிவிட்டார்கள். இடம் கொஞ்ச காலம் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் கைக்குப் போனது. பெரொத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் வந்து பார்த்தபோது கன்றுகள் நோஞ்சானாகக் கிடந்தன. நட்டவர் தண்டைக் கிளை வரைக்கும் மண்ணுக்குள் புதைத்திருந்தார். பெரொத்தே மண்ணை விலக்கிவிட, செடி தேறியது. ஒரு மலையின் நிறத்தையே மாற்றப்போகும் செடி தோட்டக்காரரின் மண்வெட்டியில் அநேகமாக முடிந்துபோயிருக்கும்!

உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தது. இந்தியாவுக்கு அழகுச்செடியாக வந்தது. அதை மலை முழுக்கப் பரப்பியவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். தலையில் கூரான கொண்டை, கண்ணுக்குக் கீழே சிவப்புப் பொட்டு, வாலடியிலும் சிவப்பு என்று கம்பியில் உட்கார்ந்து கத்தும் செம்மீசைச் சின்னான்தான் அது. கறுத்துப் பழுத்த மணிகளை விழுங்கிவிட்டு அடுத்த வேலியில் போய் எச்சமிடும். முளைக்க அது போதும்.

அப்படியானால் இந்தச் சரிவின் சொந்தக்காரர் யார்? சோலையா, புல்லா? இதில்தான் தேடல் வெகுநாள் மாட்டிக்கொண்டு நின்றது. பழைய எழுத்துகளைப் புரட்டினால், ஆதியில் மலை முழுக்கச் சோலையே இருந்ததென்றும், மேய்ச்சலுக்காக மக்கள் வைத்த தீயால்தான் புல்வெளி உண்டானதென்றும் ஒரு தரப்பு விடாமல் வாதாடுகிறது. அந்த வாதத்தின்படி எருமை மேய்த்த தோடர்கள் காட்டை அழித்தவர்களாகிவிடுகிறார்கள்.

பதில் ஊட்டிக்குப் பக்கத்துச் சாண்டிநல்லாவின் சதுப்பு மண்ணில் கிடந்தது. சதுப்பில் விழும் செடிகொடி முழுதாக மக்குவதில்லை. கறுப்புக் கரியாக அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். வெப்பமண்டலப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் விதம் வேறு வேறு. அதனால் ஒவ்வோர் அடுக்கிலும் கரிமத்தின் கனமான வகை எவ்வளவு என்று அளந்தால், அந்தக் காலத்தில் சுற்றிலும் புல் மிகுந்திருந்ததா, மரம் மிகுந்திருந்ததா என்று சொல்லிவிடலாம். ராமன் சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அப்படி அளந்து 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளிலேயே புல் இருந்தது. வறண்ட காலத்தில் புல் ஏறியது, மழை மிகுந்த காலத்தில் மரம் ஏறியது. பேரன் வரைந்த மொட்டை மேடு யாரும் மொட்டையடித்ததல்ல. அதன் இயல்பே அதுதான். தோடர்கள் மீதான குற்றச்சாட்டும் அதோடு விழுந்தது என்பது என் கருத்து.

இனி காட்டெருமை. சந்தேகமில்லாத பூர்வகுடி. ஆண் ஒரு டன் எடையைத் தொடும்; நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் மாட்டியது போல இருக்கும். ஆனால் ஊருக்குள் இத்தனை சகஜமாக நடமாடும் இந்தக் கூட்டத்துக்கு ஒரு இடைவெளி இருந்தது. 1968இல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் வெக்கை நோய் பரவிக் காட்டெருமைகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. வளர்ப்பு மாடுகளிடமிருந்து தொற்றும் நோய் அது. ஊர் மாடுகளுக்கு வருடக்கணக்கில் தடுப்பூசி போட்டு நோயை நாட்டை விட்டே துரத்தினார்கள். 2011இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவிப்பு வந்தது. காட்டெருமை மறுபடி பெருக அந்த ஊசிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பெருகியது மேய எங்கே போகும்? புல்வெளி சீகைக்காடாகிவிட்டது, காட்டின் அடித்தரையை உண்ணிச்செடி அடைத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது தோட்டத்துப் பாதை ஓரமும் பங்களாப் புல்தரையும். அங்கே தழைப்பது பெரும்பாலும் கிக்குயூ புல், அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. தேயிலையைக் காட்டெருமை தொடுவதில்லை.

மேல் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவின் அம்மா, சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர். காட்டெருமை பழைய நாளிலும் இப்படித்தான் வருமா என்று அந்த அக்காவிடம் கேட்டேன்.

“அம்மா வந்த புதுசுல எப்பவாவது ஒண்ணு தெரியுமாம். இப்ப தினம் வருது. அது மேல ஏறுறப்ப நாம கீழ நின்னுக்கணும், கன்னுக்குட்டி இருந்தா அந்த வரிசைப் பக்கமே போகக் கூடாது” என்றார். “கங்காணி அதட்டினாலும் போக மாட்டோம் தம்பி.”