ஒரு பந்தய வண்டியின் மறுபிறப்பு

பழம்பொருள்களைப் போற்றும் முறை இருவகைப்படும். பொருளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துத் தூசு படாமற் காத்தல் ஒன்று. அது எத்தொழிலுக்கென ஆக்கப்பட்டதோ அத்தொழிலில் அதனை மீண்டும் ஈடுபடுத்துதல் மற்றொன்று. பழைய வீணையைக் காட்சிசாலையில் வைப்பாரும் உளர். நரம்பு மாற்றி வாசிப்பாரும் உளர். இவ்விரண்டாம் வகையினரே, மோட்டார் உலகில் பழைய வண்டிகளைப் பந்தயத்தில் ஓட்டும் வழக்கத்தைத் தோற்றுவித்தவர்கள்.

இக்கல்லூரியிற் பௌதிகம் பயின்று வெளியேறிய யான், பிழைப்பின் பொருட்டு அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாகாணத்தில் வாழ்ந்துவருகிறேன். அங்கே, ஓய்வுபெற்ற எந்திரத் தொழிலாளராகிய ஒரு நண்பருடைய கொட்டகையில், மூன்றாண்டுக் காலம் சனிக்கிழமைதோறும் எடுபிடி ஆளாக இருக்கும் பேறு பெற்றேன். அவர் 1965-ஆம் ஆண்டின் போர்டு மஸ்டாங் வண்டி ஒன்றைப் பந்தயத்திற்கு ஏற்றவாறு மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார். அதனை ஓட்டவிருந்தவர் அவருடைய ஒரே மகள். அக்கொட்டகையில் யான் கண்டவற்றையும் கருதியவற்றையும் மாணவ நேயர்களுக்கு உரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதற்கண் இவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுவேன். 'மஸில் கார்' என அமெரிக்கர் வழங்குவது, உடல்வலி மிக்க மல்லனைப் போன்ற வண்டி என்னும் பொருளது. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கக்கூடிய எளிய வண்டியினுள் எட்டுச் சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சினைப் பொருத்தினால் அதுவே மஸில் கார். 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ.வை இவ்வினத்தின் முதல்வன் என்பர் பலர். அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் மஸ்டாங் வெளியிடப்பட்டது. அதனை மஸில் கார் எனல் தகாது, இலகுவான தனி இனமாகிய குதிரை வண்டி எனலே தகும் என்று வாதிடுவாரும் உளர். பெயர் எதுவாயினும் ஆகுக. அவ்வண்டியைப் பந்தயத்திற்கு உரியதாக்கியவர் கரோல் ஷெல்பி. அவர் 1959-இல் பிரான்ஸ் நாட்டு லெ மான் பந்தயத்தில் ராய் சால்வடோரியுடன் வென்ற வீரர். பின்னர் இதயநோயால் ஓட்டுவதை விடுத்து, வண்டி கட்டுவதைத் தொழிலாகக் கொண்டார். அவர் கட்டிய ஜி.டி. 350 என்னும் மஸ்டாங்கைக் கென் மைல்ஸ் 1965 பிப்ரவரியில் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஓட்டி முதல் வெற்றி பெற்றார். 1966-இல் டிரான்ஸ்-ஆம் என்னும் தொடர்பந்தயம் தொடங்கியது. அதில் பெரிய வண்டிகளின் எஞ்சின் ஐந்து லிட்டருக்கு மேற்படலாகாது என்பது விதி. முதலிரண்டு ஆண்டுகளும் போர்டு கம்பெனியே வென்றது. 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் மார்க் டானஹியூ ஓட்டிய செவ்ரலே கமாரோ வென்றது. 1970-இல் வெற்றி மீண்டும் போர்டுக்குச் சென்றது.

காலம் செல்ல, அவ்வண்டிகள் மூலையிற் கிடந்து துருவேறின. ஆயினும் அவற்றின் முழக்கத்தை மறவாதவர் சிலர் இருந்தனர். 1974-இல் கலிபோர்னியாவின் லகுனா சேக்கா களத்தில் பழைய வண்டிகளுக்கென்றே பந்தயம் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில், 1948 முதல் 1966 வரை நடந்து நின்றுபோன குட்வுட் களம், 1998-இல் மறுபடியும் உயிர்பெற்றது. பாரிஸ் நகரில் 1904-இல் நிறுவப்பட்ட அகில உலக மோட்டார் சங்கம், இத்தகைய வண்டிகளுக்கென விரிவான விதித்தொகுதி ஒன்றை வகுத்துள்ளது. அதன் சாரம் யாதெனின், ஒரு வண்டி தன் காலத்தில் எவ்வமைப்புடன் ஓடியதோ அவ்வமைப்புடனேயே இன்றும் ஓடவேண்டும் என்பதே. அமெரிக்கக் கழகங்களும் தத்தமக்கென இத்தகைய விதிகளைக் கொண்டுள்ளன. ஆகவே இங்கே தொழிலாளியின் திறமை, புதுமை புகுத்துவதில் அன்று, கட்டுப்பாட்டினுள் நின்று செம்மை செய்வதில் விளங்குகிறது. யாப்பிற்கு அடங்கிக் கவி பாடுவோனுக்கும் இவனுக்கும் வேற்றுமை மிகுதியாக இல்லை.

நிற்க. நண்பர் வாங்கிவந்த வண்டி, பார்வைக்கு மிடுக்காகவே இருந்தது. வண்ணத்தைச் சுரண்டியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இவ்வினத்து வண்டிகளில், முன்கண்ணாடியின் கீழே காற்றுப் புகுவதற்காக அமைந்த குழிவான பெட்டி ஒன்று உண்டு. மழைநீர் அதனுள் தங்கி, தகட்டை உள்ளிருந்தே அரித்துத் தின்னும். வெளியிலிருந்து காண்பார்க்கு ஒன்றும் புலப்படாது. உள்ளே அமர்ந்தவன் காலில் நீர் சொட்டும்போதே நோய் தெரியவரும். அப்பெட்டியை அகற்றுவதற்கு நூற்றுக்கு மேற்பட்ட பற்றுக்களைத் துளையிட்டு விடுவிக்க நேர்ந்தது. அடித்தகடும் அவ்வாறே. முதலாண்டு முழுவதும் நாங்கள் வேகத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. துருவைப் பற்றியே பேசினோம்.

எஞ்சின் வேலை எனக்குப் பெரிதும் இன்பம் பயந்தது. இவ்வெஞ்சின் 289 கன அங்குலக் கொள்ளளவு உடையது. சிலிண்டரின் குறுக்களவு நான்கு அங்குலம். பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 2.87 அங்குலம். நிமிடத்திற்கு 6500 முறை சுழலும்போது, மேல் முனையில் பிஸ்டன் படும் வேகமாற்றத்தை நான் கல்லூரியிற் கற்ற கணக்கைக் கொண்டு கணித்துப் பார்த்தேன். அது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு! அஃதாவது, ஒரு பிஸ்டன் மற்றொன்றினும் ஒரு கிராம் மிகுந்திருந்தால், அந்த ஒரு கிராம் ஏறத்தாழ இரண்டு கிலோ எடையாகிச் சுழல்தண்டைத் தாக்கும். இதைக் கூறியபோது நண்பர் நகைத்தார். அவர் கணிதம் கற்றவர் அல்லர். ஆயினும் நாற்பதாண்டுகளாக எட்டுப் பிஸ்டன்களையும் தராசில் இட்டு, அரைக் கிராம் வேற்றுமையும் இராதபடி அராவியே பொருத்திவந்தவர். நூலறிவு பின்னர்க் கூறியதைக் கையறிவு முன்னரே அறிந்திருந்தது.

எண்ணெய்த் தொட்டியின் செய்தியும் அறியத்தக்கது. வண்டி நீண்ட வளைவில் விரைந்து திரும்பும்போது, அடித்தொட்டியிலுள்ள எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். சில நொடிகளில் எஞ்சின் அழியும். இதனைத் தடுக்கத் தொட்டியினுள் சிறு தடுப்புச் சுவர்களும் கதவுகளும் அமைப்பர். இன்னும் ஒன்று. போர்டு கம்பெனியின் எந்திர வல்லுநர் கிளாஸ் ஆர்னிங் என்பார் கண்ட முறைப்படி, முன்சக்கரத்தைத் தாங்கும் மேற்கையின் இணைப்பிடத்தை ஓர் அங்குலம் கீழிறக்கினால், வளைவில் வண்டி சாயும்போதும் டயர் தரையைச் செவ்வனே பற்றும். பழைய துளைகளுக்குக் கீழே புதிய துளைகள், அவ்வளவே. பெருஞ்செலவில்லாத இம்மாற்றத்தைச் செய்தபின் வண்டியின் குணமே வேறாகிறது.

இனி, இவ்வேலையின் நடுவே எழுந்த பெருஞ்சிக்கலைக் கூறவேண்டும்.

நண்பர் பழமையில் அளவிறந்த பற்றுடையவர். "1966-இல் இல்லாத ஆணி ஒன்றும் என் வண்டியில் இருத்தலாகாது" என்பது அவருடைய விரதம். அக்காலத்து வண்டிகளில் ஓட்டுபவன் தலைக்குப் பின்னே வளைந்த குழாய் ஒன்றே காப்பாக இருந்தது. பெட்ரோல் தொட்டியோ, தனியாகப் பொருத்தப்பட்டதன்று. தொட்டியின் மேற்றகடே டிக்கியின் தரையாக அமைந்தது. டிக்கிக்கும் ஆட்கள் அமரும் அறைக்கும் இடையே இரும்புச் சுவர் இல்லை. பின்னிருக்கையும் ஓர் அட்டையுமே திரையாக நின்றன. நண்பர் அவற்றை அவ்வாறே விட எண்ணினார். கழகத்தின் காப்பு விதிகள் கூடுதலாகக் கேட்டவற்றைக்கூட, வேண்டா வெறுப்பாகவும் இயன்ற அளவு குறைத்துமே ஏற்கக் கருதினார்.

ஒரு சனிக்கிழமை மாலை அவர் மகள் கொட்டகைக்கு வந்தார். செவிலித்தாயாக மருத்துவமனை ஒன்றிற் பணிபுரிபவர். தந்தையிடம் மறுத்துப் பேசுபவர் அல்லர். திறந்துகிடந்த டிக்கியினுள் நெடுநேரம் நோக்கி நின்றார். பின்பு, "அப்பா, தீப்புண் பட்டவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு வீட்டிற்குள் சென்றார்.

நண்பர் அன்று மேலும் வேலை செய்யவில்லை. ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து என்னிடம் மெதுவாகப் பேசலானார். அவர் இளமையில் போற்றிய வீரர் ஃபயர்பால் ராபர்ட்ஸ். மஸ்டாங் வெளிவந்து ஐந்து வாரமே கழிந்த நிலையில், 1964 மே 24-ஆம் நாள், சார்லட் நகரத்து 600 மைல் பந்தயத்தில் அவருடைய போர்டு வண்டி கவிழ்ந்து தீப்பற்றியது. ஜூலை 2-ஆம் நாள் அவர் மருத்துவமனையில் உயிர் துறந்தார். அதன் பின்னரே, உடையும் இரும்புத் தொட்டிக்கு மாறாக, உறுதியான இரப்பர்ப் பையினுள் பெட்ரோலை அடைக்கும் முறை அமெரிக்கப் பந்தய வண்டிகளில் பரவலாயிற்று. "அவர் இறந்த நாளை நான் மறந்ததில்லை. ஆனால் அதே தொட்டியின்மேல் என் மகளை உட்காரவைக்கப் போனேன்" என்று கூறி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை யான் சென்றபோது பழைய தொட்டி சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. டிக்கியில் இரப்பர்ப் பை கொண்ட புதிய தொட்டியும், அதற்கும் அறைக்கும் இடையே இரும்புத் தகட்டுச் சுவரும் அமைத்தோம். ஓட்டுபவரைச் சூழ, தையலற்ற எஃகுக் குழாய்களால் முழுக்கூண்டு ஒன்று எழுந்தது. ஒவ்வொரு குழாயின் முனையையும் அடுத்த குழாயின் வளைவிற்கு இசைய அராவி, இடைவெளியில் காகிதமும் நுழையாதவாறு பொருத்திய பின்னரே அவர் பற்றவைத்தார். பற்றவைத்த ஒவ்வோரிடத்தையும் விளக்கைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மனம் நிறையாத இடத்தை அராவி நீக்கி மறுபடியும் செய்தார். எஞ்சினுக்குச் செலவிட்ட காலத்தினும் கூண்டிற்குச் செலவிட்ட காலமே மிகுதி. பழமை கெட்டதே என்று அவர் பின்னர் ஒருநாளும் வருந்தக் கேட்டிலேன். உண்மையில், உயிர்க்காப்பின் பொருட்டுச் செய்யும் இத்தகைய மாற்றங்களை இப்பந்தய விதிகளே இசைந்து ஏற்கின்றன. காப்பைப் பொறுத்தமட்டில் பழமையை அவை வற்புறுத்துவதில்லை.

பந்தய நாளும் வந்தது. லகுனா சேக்கா களத்தில் 'திருகாணி' எனப் பொருள்படும் பெயருடைய வளைவு ஒன்று உண்டு. மேட்டின் உச்சியில் இடப்புறம் திரும்பியவுடனே வலப்புறம் திரும்பவேண்டும். அதற்குள் தரை 59 அடி கீழிறங்கிவிடும். மேலிருந்து வருபவர்க்குச் சாலை கண்ணிற்குத் தோன்றாது, வானமே தோன்றும். அவ்விடத்தில் வேலியோரம் நண்பரும் யானும் நின்றோம். நாற்பதுக்கு அண்மையான வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிமுழக்கத்துடன் இறங்கின. எட்டுச் சிலிண்டர் எஞ்சின்களின் ஒலி நெஞ்செலும்பில் அதிர்வதை எழுத்தில் வடித்தல் அரிது. நண்பர் வண்டியைக் கண்ணால் நோக்கவில்லை; தலை குனிந்து செவியாலேயே தம் எஞ்சினைப் பிரித்தறிந்து, சுற்றுக்களை விரல்விட்டு எண்ணினார். அவர் மகள் நடுத்தரமான இடத்தில் பந்தயத்தை முடித்தார். பரிசில் ஒன்றும் கிட்டவில்லை. வண்டியிலிருந்து இறங்கியவர் முகத்தில் வியர்வையும் நகையும் ஒருங்கே இருந்தன. தந்தை ஒரு சொல்லும் கூறாமல், அவருடைய தலைக்கவசத்தை வாங்கித் தம் கையில் வைத்துக்கொண்டார்.

கூண்டு அன்று யாதொரு வேலையும் செய்யவில்லை. பெட்ரோல் தொட்டியும் தன் வலிமையைக் காட்ட நேரவில்லை. அத்தனை உழைப்பும் கண்ணிற்குப் புலப்படாமலே முடிந்தது. அவ்வாறு முடிதலே அவ்வுழைப்பின் பயன்.

மாணவ நேயர்களே, முன்னோர் ஆக்கியவற்றை நாம் பெற்றுக்கொள்ளும்போது, அவர்தம் திறத்தோடு அவர் காலத்துக் குறைகளும் உடன் வருகின்றன. துரு வெளியே தெரியாமல் உள்ளிருந்து தின்னும்; தொட்டி பின்னே ஓசையின்றி இருக்கும். போற்றத்தக்கதைச் சிறிதும் சிதைக்காமல் போற்றுவதும், உயிர்க்கு ஊறு செய்வதைத் தயங்காமல் மாற்றுவதும், இவ்விரண்டையும் பகுத்தறிவதும் எளிய காரியங்கள் அல்ல. நீவிர் நாளை எந்திரம் கட்டினும், இல்லறம் நடத்தினும், நாட்டின் நிறுவனங்களை ஏற்று நடத்தினும், பழையதொன்று உங்கள் கைக்கு வரும். வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்க அஞ்சாதீர்கள். எதை வைப்பது, எதை அகற்றுவது என்னும் ஐயம் எழும்போது, அதில் ஏறிச் செல்லப்போகிறவர் யார் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.