யாருடைய நேரத்தை மாற்றச் சொல்கிறீர்கள்?

மின்சாரம் பற்றிய ஆய்வுகளில் இப்போது அடிக்கடி வரும் சொல் 'நெகிழ்வுத்தன்மை'. மாலையில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் கரண்ட் செலவாகிறது. அதில் கொஞ்சத்தைச் சூரிய மின்சாரம் நிறையக் கிடைக்கும் பகல் பொழுதுக்கு நகர்த்த முடியுமா என்பதே கேள்வி. இதற்காகக் களப் பரிசோதனை செய்கிறார்கள். வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தகவலோ சலுகையோ கொடுத்து, பிறகு இரு தரப்பு மீட்டரையும் ஒப்பிடுவார்கள்.

முறை நல்லதுதான். அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் வீடுகளை வைத்து நடந்த பரிசோதனையில், அக்கம்பக்கத்தாரின் செலவோடு ஒப்பிட்டுக் கடிதம் அனுப்பப்பட்ட வீடுகளில் சராசரியாக 2 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் ஹன்ட் ஆல்காட் எழுதினார். இந்திய நகரக் குடும்பங்கள் 484-ஐ வைத்து அனந்த் சுதர்சன் செய்த ஆய்வில் (2017) இத்தகைய ஒப்பீடு 7 சதவீதம் குறைத்தது.

இனி சாத்தூர்ப் பக்கத்துக் காலனிக்கு வாருங்கள். ஒன்றிய அரசின் 2023 விதிகள்படி, ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குச் சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் மலிவாகவும், உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மலிவான அந்த நேரத்தில் அக்கா பட்டாசு ஆலையில் இருக்கிறார். வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் திரும்பி வந்து மிக்ஸி போடுவதும், பிள்ளைகள் விளக்கடியில் படிப்பதும் உச்ச நேரத்தில்தான். வாஷிங் மெஷினும் ஏசியும் உள்ள வீடு நேரத்தை மாற்றலாம். இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் உள்ள வீடு எதை மாற்றும்?

எம்.ஏ. சமூகவியலில் 'குடும்பம்' என்பதை ஓர் அலகாக எண்ணப் பழகினேன். களத்தில் அந்த அலகுக்குள் நிலமும் சாதியும் இருக்கின்றன. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், வாடகைக்கு இருப்பவர் அவர் சொல்லும் கணக்குக்குப் பணம் கொடுக்கிறார். மீட்டர் தன் பெயரில் இல்லாதவர், மீட்டர் பட்டியலை வைத்து எடுக்கும் மாதிரியிலும் இல்லை.

பில்லுக்குப் பயந்து சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்துகிறவரின் மீட்டரும் குறைவாகத்தான் காட்டும். ஆய்வு அதைச் சிக்கனம் என்று எழுதும். அது சிக்கனம் அல்ல, இல்லாமை.

ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை தோழர்களே. அதை நம் மாணவர்களும் செய்ய வேண்டும். மீட்டர் யார் பெயரில் இருக்கிறது, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், எதை நிறுத்தியதால் யூனிட் குறைந்தது என்று கேளுங்கள். சராசரியோடு நிற்காமல் ஊர், காலனி என்று பிரித்துக் கணக்குப் போடுங்கள். கட்டணத்தை முடிவு செய்கிறவர்கள் அந்த இரண்டாவது கணக்கையும் பார்த்தாக வேண்டும்.