சரிவான லவ்டேலில் சரியாத பொதி

மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயிலில் வந்தால், குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி எல்லாம் கடந்த பிறகு வரும் சின்ன நிலையம் லவ்டேல். அதற்கு அடுத்தது ஊட்டி. 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய இந்த ரயில், 1908-ல் ஊட்டி வரை நீண்டது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியும் லவ்டேலில்தான் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். விவசாயிகளான நமக்கு இங்கே பார்க்க வேண்டியது வேறு ஒன்றும் இருக்கிறது.

லவ்டேலில் இருந்து கேத்திப் பக்கம் எட்டிப் பார்த்தால், படிப்படியாக வெட்டிய நிலங்களில் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பூண்டு. லாரி வரும் சாலை ஓரிடத்தில், தோட்டம் வேறிடத்தில். நடுவில் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் விதை, உரம், மருந்து தெளிப்பான், வீட்டுச் சாமான் எல்லாம் தலைச்சுமையாகவோ இரு சக்கர வாகனத்திலோதான் போக வேண்டும். அதே சாலையில், இரண்டு பக்கமும் பை கட்டிய பெரிய மோட்டார் சைக்கிள்களில் வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். வண்டி வேறு என்றாலும் சிக்கல் ஒன்றுதான்: ஒரு பக்கப் பை இறங்கியோ, வெளியே தள்ளியோ நிற்பது.

சமவெளியில் இது கண்ணுக்கு அசிங்கம், அவ்வளவுதான். மலையில் அப்படி இல்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது, இறங்கி நிற்கும் பை தரையில் உரசும். உள்ளே தள்ளிய பை சக்கரத்தில் மாட்டும். சைலன்சரில் பட்டால் கருகும். மூடுபனி நேரத்தில் பை இண்டிகேட்டரை மறைத்தால், பின்னால் வரும் பேருந்துக்கு நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்றே தெரியாது.

இது புதிய பாடமும் இல்லை. 1820-களில், கோவை கலெக்டர் ஜான் சலிவன் காலத்தில், சிறுமுகையில் இருந்து கோத்தகிரிக்கு மலைப்பாதை போட்டார்கள். ரயிலும் லாரியும் வராத அந்தக் காலத்தில் மலைப்பாதைகளில் சுமை ஏறியது மாட்டின் முதுகிலும் மனிதர் தலையிலும்தான். பொதி மாட்டுக்கு இரண்டு பக்கமும் எடை சமமாக இல்லாவிட்டால் பொதி சரியும், மாட்டின் முதுகு புண்ணாகும். வண்டிக்கும் அதே கணக்குதான்.

சரி செய்வது எப்படி?

முதலில் மட்டமான தரை வேண்டும். லவ்டேல் போன்ற ஊரில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டு சிமென்ட் தளம் போதும். ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பைகளைக் காலி செய்து, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். அது இல்லாத வண்டி என்றால், ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து அளந்தால் அளவு தப்பாகிவிடும்.

டேப்பை எடுத்து மூன்று அளவு எடுங்கள். தரையில் இருந்து பையின் அடிப்பக்கம் வரை, பின்சக்கரத்தின் நடுவில் இருந்து பையின் வெளிப்பக்கம் வரை, பின்சக்கர அச்சில் இருந்து பையின் முன்பக்கம் வரை. இரண்டு பக்கமும் ஒப்பிட்டால் கோளாறு எந்தத் திசையில் என்று தெரிந்துவிடும்.

துணிப்பை என்றால் பெரும்பாலும் இரண்டு வார்களின் நீளம்தான் வித்தியாசப்படும். சமமாக்கிய பிறகு, வாரில் பேனாவால் குறி போட்டு வையுங்கள்.

கம்பிச் சட்டத்தில் மாட்டும் பெட்டி என்றால், முதல் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததை மாட்டுவதுதான் கோணலுக்கு முக்கியக் காரணம். எல்லா போல்ட்டையும் தளர்த்துங்கள். எல்லாவற்றையும் கையால் பாதி திருகிய பிறகு, பெட்டியை நேராக்கி, குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சின்ன இடைவெளி இருந்தால் வாஷர் போடலாம். சட்டமே வளைந்திருந்தால் வாஷர் உதவாது. பட்டறைக்குத்தான் போக வேண்டும். வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சர்பர் உள்ள வண்டியில், இரண்டும் ஒரே படியில் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்ப்பது அவசியம்.

பாரம் ஏற்றும்போது

சைலன்சர் இருக்கும் பக்கம் பெட்டி சற்று வெளியே தள்ளித்தான் நிற்கும். அது கோளாறு அல்ல. ஆனால், காவடியில் நீளமான பக்கத்துக்கு எடை குறைவாகத் தொங்கவிடுவதுபோல, அந்தப் பக்கம் எடையைக் கொஞ்சம் குறையுங்கள். கனமான பொருள் அடியில், முன்பக்கமாக இருக்கட்டும். வீட்டில் தராசு இருக்கிறதே, இரண்டு பையையும் நிறுத்துப் பாருங்கள். வண்டி நிறுவனம் சொல்லும் எடையைத் தாண்ட வேண்டாம். பாரத்துக்கு ஏற்ற காற்றழுத்தம் முக்கியம். இறக்கத்தில் இன்ஜினை அணைக்காமல், குறைந்த கியரிலேயே இறங்குங்கள்.

அரை மணி நேர வேலை, ஒரு டேப், இரண்டு ஸ்பேனர். லவ்டேல் வளைவில் எதிரே லாரி வரும்போது, வண்டி நம் கைக்கு அடங்கி நிற்க இந்தச் செலவு போதும்.