மூன்று நாள் சுகம்

2006-ம் ஆண்டு. திண்டுக்கல் பக்கம் தெருவுக்குப் பத்துப் பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த சிக்குன்குனியா காலம். நிறைமாதக்காரியான அவளுக்குப் பிரசவத்துக்கு முதல் நாள் காய்ச்சல் கண்டது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, பிறந்த மகனைத் தூக்கக்கூட முடியவில்லை. அவளுடைய அம்மாதான் பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று கிலோ எடை, வார்டே அதிரும் அழுகை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான்காம் நாள் இரவு அவன் பால் குடிக்கவில்லை. உடம்பு கொதித்தது. பாதம் வீங்கியிருந்தது, தொட்டாலே முனகினான். "தோஷமா இருக்கும், விபூதி போடுங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. விடிவதற்குள் ஒரு கை மட்டும் விட்டு விட்டு வெட்டி இழுத்தது. கண்கள் ஒரு பக்கமாகச் செருகின.

வைரஸ் மூளையைத் தாக்கியிருக்கிறது என்றார்கள். அதைக் கொல்ல மருந்து கிடையாது. வலிப்பை அடக்குவதும் மூச்சுக்குத் துணை நிற்பதும்தான் சிகிச்சை. சில நாளில் மூக்கு நுனி கறுத்தது. அதுவும் இந்த நோயின் அடையாளம்தான்.

"காய்ச்சல்காரி பால் கொடுத்தா இப்படித்தான்" என்று உறவில் ஒருத்தி சொன்னது அவளைப் பல வருடம் அரித்தது. ஆபரேஷன் செய்திருந்தால் தப்பியிருப்பானோ என்றும் யோசித்து யோசித்து மாய்ந்தாள். பிறகு ஒரு குழந்தை நல மருத்துவர்தான் உட்காரவைத்து விளக்கினார். அதே நோய் 2005-06ல் ரீயூனியன் தீவிலும் பரவியது. பிரசவ நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் இருந்த 39 தாய்மாரை அங்கே ஆராய்ந்தார்கள். 19 குழந்தைகளுக்கு நோய் தொற்றியிருந்தது. பிறந்தபோது அத்தனையும் நன்றாகவே இருந்தன. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில்தான் படுத்தன. சிசேரியன் காப்பாற்றவில்லை. தாய்ப்பாலில் வைரஸ் இல்லை. அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

மகன் இரண்டரை வயதில் நடந்தான். பேச்சு இன்னும் திக்கும். கணக்கு வராது, ஆனால் ஊரில் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவனைத்தான் கேட்பார்கள்.

போன வருடம் தங்கை மகளுக்குப் பிரசவத்தன்று காய்ச்சல். "தாய்க்கு வந்த காய்ச்சலைப் பிள்ளை சீட்டுலயும் எழுதுங்கம்மா" என்று நர்ஸிடம் கேட்டு எழுத வைத்தாள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, மூன்றாம் நாள் கிளம்பலாமே என்றார்கள் வீட்டார்.

அவள் பதில் பேசவில்லை. இன்னும் நாலு நாளுக்கு மாற்றுத்துணி கொண்டுவரச் சொல்லிவிட்டு, வார்டு வாசலில் பாயை விரித்தாள்.