வாசியாத நூலும் வாசித்த நூலும்

அண்மையில் வாசித்த நூல்கள் எவை என்று எவரேனும் வினவினால், பெயர்களை அடுக்கிச் சொல்வது எளிது. அவற்றுள் எத்தனையை முதற்பக்கந் தொடங்கி இறுதிப்பக்கம் வரை வாசித்தோம் என்று சொல்வதே அரிது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இது இன்னும் அரிது. ஒரு நூலைப் பற்றி வகுப்பிற் பலமுறை பேசிய பழக்கமே, அதனை வாசித்துவிட்டோம் என்னும் மயக்கத்தைத் தந்துவிடுகின்றது. அம்மயக்கம் எமக்குத் தெளிந்த வகையை இங்கே கூறக் கருதுகின்றோம்.

சென்ற தவணையில் ஒருநாள், பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சேறிய வரலாற்றை உயர்தர வகுப்பிற்குக் கற்பித்துக்கொண்டிருந்தோம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையையும், உத்தமதானபுரம் தந்த உ. வே. சாமிநாதையரையும் பற்றிச் சொல்லி வருகையில் ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், சிந்தாமணியைப் பதிப்பிக்கத் தாமோதரம்பிள்ளை கேட்டபோது ஐயர் ஏன் குடுக்கேல்லை? நீங்கள் 'என் சரித்திரம்' வாசிச்சிருப்பீங்கள்தானே?"

"ஓம். அதை அடுத்த பாடத்திலை பார்ப்பம்" என்றோம். உண்மை யாதெனில், பல்கலைக்கழக நாளில் வாங்கிய அந்நூலிற் பரீட்சைக்கு வேண்டிய பகுதிகளை மாத்திரமே நாம் வாசித்திருந்தோம். அன்றிரவு நல்ல உறக்கம் வரவில்லை.

விடுமுறை வந்ததும் அந்நூலைக் கையில் எடுத்தோம். 1940 ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942 இல் ஐயர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற வரலாறு அது. தொடக்கத்தில் எமது பொறுமை சற்றே சோதிக்கப்பட்டது. ஊர்களும் உறவினரும் உபசாரங்களும் இத்தனை விரிவாக வேண்டுமோ என்று எண்ணினோம். போகப் போக, அந்த விரிவே நூலின் உயிர் என்பது புலனாயிற்று. பாடஞ் சொல்வார் ஒருவர் இருக்கும் ஊரைத் தேடி, வறுமையோடு ஒரு குடும்பமே இடம்பெயர்ந்த காலத்தை வேறெந்த வரலாற்று நூலும் எமக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

எம்மை உலுக்கிய இடம் வேறு. 1880 ஆம் ஆண்டு. ஐயருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் மாணாக்கர். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று வினவுகின்றார். ஐயர் அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்கின்றார். முதலியார் வியக்கவில்லை, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கின்றார். இல்லை என்று ஐயர் ஒப்புக்கொள்கின்றார். அந்த ஒப்புதலிலிருந்தே சமணர் இல்லங்களுக்குச் சென்று பொருள் கேட்டதும், 1887 இற் சிந்தாமணி அச்சேறியதும் பிறந்தன. அவர் அன்று 'படித்திருக்கிறேன்' என்று சொல்லியிருந்தால்? எமது 'ஓம்' எம்மை வந்து குத்தியது.

மாணவனின் வினாவுக்கு விடையும் அங்கே கிடைத்தது. தாமே உழைத்து ஆராய்ந்த நூலைத் தாமே பதிப்பித்தல் வேண்டும் என்பது ஐயரின் உறுதி. யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு முதலில் மனத்தாங்கல் உண்டாயிற்று என்பதை மறைக்கப்போவதில்லை. அதன் பின்னரே, தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளைத் தொகுத்த 'தாமோதரம்' என்னும் நூலை வாசித்தோம். தொட்டால் ஒடியும் ஏடுகளைக் கண்டு அவர் துடித்த துடிப்பை அதிற் காணலாம். ஐயர் சிந்தாமணியை வெளியிட்ட அதே 1887 இலே பிள்ளையவர்கள் கலித்தொகையை வெளியிட்டார். ஏடு அழியுமுன் காக்கவேண்டும் என்று ஒருவர் விரைந்தார். பொருள் தெளியுமுன் அச்சிடலாகாது என்று மற்றவர் காத்திருந்தார். அந்த விரைவும் தமிழுக்கு வேண்டியதே, அந்தப் பொறுமையும் வேண்டியதே. இருவருள் யார் பெரியர் என்னும் வழக்கை இனி வகுப்பில் எழுப்புவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஆயினும் ஒரு கடன் மீதமிருந்தது. தவணை தொடங்கிய முதல்நாளே அம்மாணவனை அழைத்து, "தம்பி, அண்டைக்கு நீர் கேட்கேக்கை நான் அந்தப் புத்தகத்தை முழுக்க வாசிச்சிருக்கேல்லை. இப்பதான் வாசிச்சு முடிச்சனான்" என்றோம்.

அவன் சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றான். பின்பு மெல்லச் சொன்னான்: "நானும் அந்த ஒரு அதிகாரந்தான் வாசிச்சனான், சேர்."

எமது பிரதி இப்பொழுது அவனிடம் இருக்கின்றது.